பதினோரு பெட்டிகளுக்குப் பிறகு ஜெர்மன்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வுக்குரியவர் திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் மெஷின் சூப்பர்வைசர். டெக்ஸ்டைல் டிப்ளமோ படித்தவர். ஜெர்மன் கற்கத் தொடங்கியபோது வயது 36. அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளில் அவர் கையில் எடுத்துப் பாதியில் விட்டவை பதினொன்று. மீன் தொட்டி, ஃபிலிம் கேமரா, புல்லாங்குழல், மண்ணில்லாச் செடி வளர்ப்பு, சதுரங்கம், ட்ரோன், ஜப்பானிய எழுத்து என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் நின்றதும் அதன் சாமான்களை அவர் மனைவி ஓர் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியில் போட்டு, மார்க்கரால் பெயர் எழுதிப் பரணில் ஏற்றிவிடுவார். ஜெர்மன் பேச்சு வந்த அன்று அவர் கேட்டது ஒன்றுதான்: “ஏனுங்க, இதுக்கும் ஒரு பெட்டி எடுத்து வெச்சரட்டுங்களா?”

ஆசை பிறந்த கதை சிறியது. 2022 மே மாதம் யூனிட்டுக்கு ஜெர்மனியிலிருந்து பழைய வட்டப் பின்னல் மெஷின் ஒன்று வந்தது. கூடவே வந்த கையேடு முழுக்க ஜெர்மன். ஃபோன் கேமராவைப் பக்கத்தின் மேல் பிடித்தால், ‘அரண்மனைகளைக் கழற்றித் துடைக்கவும்’ என்று திரை சொன்னது. மூலத்தில் இருந்த சொல் ‘ஷ்லொஸ்’. அரண்மனைக்கும் அதுதான் சொல், பூட்டுக்கும் அதுதான். பின்னல் மெஷினில் ஊசியை ஏற்றி இறக்கும் கேம் அமைப்பையும் ஜெர்மன்காரர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த இரவே அவர் மூன்று ஆப்களை இறக்கினார், அகராதி ஒன்றுக்கு ஆர்டர் போட்டார், நோட்டுக்கு நாலு நிறப் பேனா வாங்கினார். பன்னிரண்டாவது ஆசை வழக்கமான வேகத்தில் கிளம்பிவிட்டது.

சேரும் முன் பார்த்தது

கோவையில் சனி, ஞாயிறு வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவரிடம் போனார். அவர் ஃபீஸ் வாங்கும் முன் ஒரு வேலை கொடுத்தார். பரணில் உள்ள பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தொடங்கிய தேதி, செலவு, நின்ற தேதி, நின்ற வாரத்தில் வீட்டிலும் யூனிட்டிலும் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுதி வரச் சொன்னார். தேதிகள் பழைய பில்களிலும் ஃபோன் படங்களிலும் கிடைத்தன.

‘எனக்குப் பொறுமை கிடையாது, ஆரம்பித்த வேகத்திலேயே சலித்துவிடும்’ என்று அவர் தன்னைப் பற்றிச் சொல்லிவந்தார். பட்டியல் வேறு கணக்குச் சொன்னது. பதினொன்றில் எட்டு, பத்தாவது வாரத்துக்கும் பதினாறாவது வாரத்துக்கும் இடையில் நின்றிருந்தன. அதாவது மூன்று மாதம் விடாமல் செய்யும் ஆள்தான் அவர். அந்த எட்டில் ஏழு, பத்து நாளுக்கு மேற்பட்ட ஓர் இடைவெளிக்குப் பிறகு நின்றவை: தீபாவளி ஏற்றுமதி அவசரம், குலதெய்வக் கோயில் பயணம், குழந்தைக்குக் காய்ச்சல். நிறுத்திவிடலாம் என்று அவர் ஒருமுறைகூட முடிவெடுத்ததில்லை. இடைவெளி விழுந்தது, விட்ட பாடத்தைச் சேர்த்துப் பிடிக்க வேண்டுமே என்ற மலைப்பு வந்தது, அந்த மலைப்பு வந்த வாரத்தில் புதிதாக ஒன்று கண்ணில் பட்டது.

இன்னொன்றும் தெரிந்தது. பெரிய செலவு எப்போதும் இரண்டாவது வாரத்தில்தான். பொருள் வாங்குவதே பாதி ஆசையைத் தீர்த்துவிடுகிறது என்பது எங்கள் கணிப்பு.

முதல் முடிவுகள்

இவற்றை வைத்து 2022 ஜூலையில் நான்கு விதிகள் எழுதப்பட்டன.

பாடப்புத்தகம் ஒன்று, பயிற்சிப் புத்தகம் ஒன்று. அதற்கு மேல் 90 நாள் எதுவும் வாங்கக் கூடாது.

தினசரி அளவு 15 நிமிடம். ஒரு மணி நேரம் என்று வைத்தால் ஷிஃப்ட் நீண்ட நாளில் அது பூஜ்யமாகிவிடும். 15 நிமிடம் என்றால் மெஷின் ஓடும்போதே முடித்துவிடலாம். கூடுதலாகப் படிப்பதற்குத் தடையில்லை, ஆனால் அதை மறுநாள் கணக்கில் வரவு வைக்க முடியாது.

படித்த நேரத்தை யூனிட்டின் புரொடக்‌ஷன் லெட்ஜர் மாதிரியே நோட்டில் எழுத வேண்டும்: தேதி, நிமிடம், என்ன வேலை. ஆப் காட்டும் தொடர் நாள் எண்ணிக்கை செல்லாது.

நான்காவதுதான் முக்கியமானது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘திரும்பும் நாள்’ என்று தலைப்பிட்டு முன்கூட்டியே எழுதி வைத்தது: இடைவெளி எவ்வளவு இருந்தாலும், திரும்பும் நாளில் 20 நிமிடம் மட்டும். பழைய பாடம் ஒன்றை வாய்விட்டுப் படிக்க வேண்டும். விட்டதைப் பிடிக்க முயலக் கூடாது. மனப்பாடத்துக்காகச் சேர்ந்து கிடக்கும் சொல்லட்டைகளைத் தொடக் கூடாது.

இலக்கு பி1, அதாவது ஐரோப்பிய மொழித் தரவரிசையில் ஏ1, ஏ2 இரண்டுக்கும் அடுத்த மூன்றாம் நிலை. ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே இன்ஸ்டிடியூட் பி1 நிலைக்குச் சொல்லும் மதிப்பீடு, 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை. வேலைக்குப் போகிறவருக்கு இது இரண்டு ஆண்டு வேலை என்று ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இது கசந்தது.

முதல் நான்கு மாதம்

முதல் பிழை சொல்லட்டையில் நடந்தது. ‘ஆன்கி’ செயலியில் நாளுக்கு 30 புதிய சொற்கள் வைத்தார். இந்த முறையில் இன்று பார்த்த சொல் நாளை, பிறகு சில நாள் கழித்து, பிறகு சில வாரம் கழித்துத் திரும்ப வரும். அதனால் தினமும் மறுபார்வைக்கு வருவது புதிய சொற்களைப் போல ஏழெட்டு மடங்காக ஏறும். மூன்றாவது வாரத்தில் ஒரு காலையில் 240 அட்டைகள் நின்றன. அன்று 70 நிமிடம் போனது, மறுநாள் ஆப்பைத் திறக்கவே இல்லை. அளவு நாளுக்கு எட்டாகக் குறைக்கப்பட்டது. ஏ1 சொற்பட்டியலில் இருப்பது ஏறத்தாழ 650 சொற்கள்தான். நாளுக்கு எட்டு என்றாலும் மூன்று மாதத்தில் முடிந்துவிடும்.

அட்டை எழுதும் முறையும் மாறியது. ‘நாடெல்: ஊசி’ என்று எழுதினால் பயனில்லை. ‘டி நாடெல், டி நாடெல்ன்’ என்று பால்சொல்லும் (பெயரின் பாலைக் காட்ட அதன் முன் வரும் ‘டெர்’, ‘டி’, ‘டஸ்’) பன்மையும் சேர்ந்தே இருக்க வேண்டும். நூலுக்கு ‘டெர் ஃபாடென்’, பன்மையில் ‘டி ஃபேடென்’. பால்சொல் இல்லாமல் கற்ற 200 சொற்களை அவர் பிறகு மீண்டும் கற்க வேண்டி வந்தது. அதற்கு ஆறு வாரம் ஆனது.

அஃறிணையை ஆண்பால், பெண்பால் என்று பிரிக்காத மொழியிலிருந்து வருகிறவருக்கு இது உறுத்தும். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால் என்றதும் அவர் காரணம் தேடி இரண்டு வாரம் இணையத்தில் அலைந்தார். பொருளுக்குள் காரணம் கிடையாது. சொல்லின் விகுதியைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்: ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷாஃப்ட்’ என்று முடிபவை பெண்பால், ‘ஷென்’ என்று முடியும் சிறுமைப் பெயர்கள் ஒன்றன்பால். மற்றவை மனப்பாடம்.

நவம்பரில் ஏ1 தேர்வு எழுதி 100க்கு 84 வாங்கினார். தேர்ச்சிக்கு 60 போதும்.

தமிழ் கைகொடுத்த இடம், காலை வாரிய இடம்

ஆங்கிலம் வழியாக ஜெர்மன் கற்பது தமிழ்நாட்டில் வழக்கம். பாடப்புத்தகமும் வகுப்பும் அப்படித்தான். ஆனால் சில இடங்களில் ஆங்கிலம் குறுக்கே நிற்கிறது. ‘ஏனென்றால்’ என்று பொருள்படும் ‘வைல்’ வந்தால் வினை வாக்கியக் கடைசிக்குப் போகும். இவர் ஆங்கில வரிசையில் ‘வைல் இஷ் முஸ் ஆர்பைட்டென்’ என்றே எழுதிக்கொண்டிருந்தார். ஆசிரியை பலகையில் தமிழை மேலே எழுதினார்: நான், இன்று, வேலை செய்ய, வேண்டும். நேர் கீழே: இஷ், ஹாய்டெ, ஆர்பைட்டென், முஸ். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. இந்தப் பிழை அந்த வாரத்தோடு பெரும்பாலும் நின்றது.

நான்காம் வேற்றுமையும் அப்படியே. ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதற்கு ‘மியர் கெஃபெல்ட்’, ‘எனக்குக் குளிருது’ என்பதற்கு ‘மியர் இஸ்ட் கால்ட்’. இரண்டிலும் ‘நான்’ கிடையாது, ‘எனக்கு’தான். பின்னால் பி1இல் வந்த நீண்ட பெயரடைகளும் தமிழுக்கு அந்நியமில்லை: ‘டஸ் கெஸ்டெர்ன் கெகௌஃப்டெ கார்ன்’ என்பது ‘நேற்று வாங்கிய நூல்’. இடச் சொற்களில் இரண்டாம், நான்காம் வேற்றுமைக் குழப்பம் வந்தபோது ‘சமையலறைக்குள் போனேன்’, ‘சமையலறையில் இருந்தேன்’ என்ற வேறுபாட்டைச் சொல்லிப் பார்ப்பது உதவியது. ஜெர்மனில் போவதற்கு ‘இன் டி க்யூஷெ’, இருப்பதற்கு ‘இன் டெர் க்யூஷெ’.

காலை வாரியது எண். நாம் நாற்பத்தேழு என்கிறோம், அவர்கள் ஏழும் நாற்பதும் என்கிறார்கள். ஃபோன் எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொன்னால் 47ஐ 74 என்று எழுதிவிடுவார். இதற்குத் தனியாக ஒரு மாதம் தேவைப்பட்டது. யூனிட்டில் மெஷின் ஊசி எண்ணிக்கை, நிமிடச் சுற்று, ரோல் எடை எதைக் குறித்தாலும் ஜெர்மனில் முணுமுணுத்துக்கொண்டே எழுதச் சொன்னார்கள். ஹெல்ப்பர் பையன்கள் இரண்டு வாரத்தில் தாங்களும் ‘ட்ஸ்வான்ட்ஸிஷ்’ வரை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். மணியிலும் ஒரு கண்ணி உண்டு. ‘ஹால்ப் ட்ரை’ என்றால் மூன்றரை அல்ல, மூன்றை நோக்கிப் பாதி தூரம் வந்த இரண்டரை. கேட்டல் பயிற்சியில் ரயிலை அவர் நாலு முறை தவறவிட்டார்.

உச்சரிப்பில், மேலே இரண்டு புள்ளி வைத்த ‘யூம்லௌட்’ எழுத்துகளில் ‘ü’ ஒலிக்கு ஒரே வழிதான் பலித்தது: ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’ போலக் குவிப்பது. கண்ணாடி முன் தினமும் மூன்று நிமிடம். அதுவரை அவர் கேக்குக்கும் சமையலறைக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரிவு: 2022 டிசம்பர் முதல் 2023 மார்ச் வரை

ஏ1 வகுப்பு நவம்பரில் முடிந்தது. ஏ2 வகுப்புக்கு ஆள் சேராததால் பொங்கல் கழிந்துதான் தொடங்க முடிந்தது. ஏழு வாரம் வகுப்பு இல்லை. தொடங்கியதும் அடைமொழி விகுதிகள் வந்தன. பால், எண், வேற்றுமை, முன்னால் நிற்கும் சொல் என்று நாலையும் பார்த்து விகுதி மாறும் அட்டவணை அது. அதுவரை வாராவாரம் ‘இன்று இதைச் சொல்லக் கற்றேன்’ என்று வீட்டில் காட்ட ஏதாவது இருந்தது. இதில் காட்ட ஒன்றுமில்லை.

பிப்ரவரியில் லெட்ஜரில் ஒன்பது நாள் மட்டுமே பதிவு. ஆப்பில் தொடர் நாள் எண்ணிக்கை 140ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. படுக்கப் போகும் முன் இரண்டு நிமிடம் நாலு படத்தைத் தொட்டால் அது ஏறிவிடும். அந்த எண்ணைக் காட்டித்தான் ‘நான் விடவில்லை’ என்று தன்னையும் மற்றவர்களையும் நம்பவைத்தார். அதே மாதம் வானம் பார்க்கும் டெலஸ்கோப் ஒன்றின் விலையை விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

ஆசிரியையின் முதல் முடிவு இங்கே தவறானது. பி1 முடியும்வரை வேறு எதையும் தொடக் கூடாது என்று உறுதி வாங்கினார். மூன்றாவது வாரம் டெலஸ்கோப் யூனிட்டில் நூல் ஸ்டோர் ரூமில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தடை போட்டதால் ஆசை போகவில்லை, ஒளிந்துகொண்டது. ஒளித்தவருக்கு ஆசிரியையின் முகத்தைப் பார்க்கக் கூச்சம் வந்து இரண்டு வகுப்புக்கு வரவில்லை. தடையின் உண்மையான விலை அந்த இரண்டு வகுப்புகள்.

பரணிலிருந்து இறங்கிய பெட்டி

மார்ச் கடைசியில் ‘திரும்பும் நாள்’ பக்கம் முதன்முறையாகப் பயன்பட்டது. 20 நிமிடம், பழைய பாடம். சேர்ந்துகிடந்த 900க்கு மேற்பட்ட அட்டைகளில் ஏ1 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவை நிறுத்திவைக்கப்பட்டன. தடை நீக்கப்பட்டது. பதிலுக்கு வேறு நிபந்தனை: எந்த ஆசையைத் தொட்டாலும் அதைப் பற்றிப் படிப்பதும் பார்ப்பதும் ஜெர்மனில் இருக்க வேண்டும்.

டெலஸ்கோப்புக்கு இது சரிவரவில்லை. அந்தத் துறையே அவருக்குப் புதிது, தமிழிலேயே தெரியாததை ஜெர்மனில் படிக்க முடியவில்லை. மீன் தொட்டிப் பெட்டிதான் வேலை செய்தது. அதில் தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்துக் கிட் ஒன்று இருந்தது. அளவு ‘டிஎச்’ என்று அச்சிட்டிருந்தது. அதில் உள்ள ‘டி’ ஜெர்மன் என்பதைக் குறிக்கும், ‘எச்’ கடினத்தன்மை. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். பல வருடம் உப்பான போர்வெல் தண்ணீரோடு மல்லுக்கட்டி இந்த எண்ணைப் பார்த்தவருக்கு, அது ஜெர்மன் சொல் என்றே தெரிந்திருக்கவில்லை.

மீன் வளர்ப்புக்கு ஜெர்மனியில் வலுவான மரபு உண்டு, எழுதியும் காணொளியாகவும் நிறையக் கிடைக்கிறது. ‘வாஸர்வெக்ஸெல்’ என்றால் தண்ணீர் மாற்றுவது என்று படத்தைப் பார்த்தே புரிந்தது. பொருள் தெரிந்த துறையில் மொழியை ஊகிக்க முடிகிறது என்பதுதான் இதன் சூட்சுமம். காணொளியை முதலில் ஒலி மட்டும், பிறகு ஜெர்மன் வரிகளோடு, பிறகு மீண்டும் ஒலி மட்டும் என்று ஒரே ஐந்து நிமிடத்தை மூன்று முறை கேட்டார். ஏப்ரலிலிருந்து தினசரிச் சராசரி 40 நிமிடத்தைத் தொட்டது. பிறகு கேமரா பெட்டி இறங்கியது. பரணில் ஏறியவை இவ்வளவு நாள் வீண் என்று கருதப்பட்டவை. ஒவ்வொன்றிலும் அரைகுறையாகவாவது ஒரு துறையறிவு சேர்ந்திருந்தது.

ஏ2 அக்டோபரில் முடிந்தது.

பி1 தேர்வும் ஒரு தோல்வியும்

2024 ஜூலையில் சென்னை நுங்கம்பாக்கம் கோத்தே இன்ஸ்டிடியூட்டில் பி1 எழுதினார். அதுவரை லெட்ஜரில் மொத்தம் 468 மணி நேரம். பாடவேளையாக மாற்றினால் 624, மதிப்பீட்டின் மேல் விளிம்புக்கு அருகில். இந்தத் தேர்வு வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி, ஒவ்வொன்றிலும் 60 வேண்டும். பகுதிகளைத் தனித்தனியாகவும் எழுதலாம்.

வாசித்தல் 83, பேசுதல் 78, கேட்டல் 67, எழுதுதல் 52.

பேசுதலில் தலைப்பு ஒன்றைப் பற்றிச் சிற்றுரை நிகழ்த்த வேண்டும். பதினோரு ஆசைகளின் சொத்து அங்கே உதவியது, எந்தத் தலைப்புக்கும் அவரிடம் ஓர் அனுபவம் இருந்தது. கேட்டலில் இரண்டாம், மூன்றாம் பகுதிகள் ஒருமுறை மட்டுமே ஒலிக்கும். அவற்றில்தான் புள்ளி போனது.

எழுதுதலில் சறுக்கியது தற்செயல் இல்லை. லெட்ஜரைப் புரட்டியபோது, 468 மணி நேரத்தில் எழுத்துப் பயிற்சி 19 மணி நேரம்தான். தொட்டித் தண்ணீரைப் பற்றிப் பத்தி பத்தியாக வாசிப்பவருக்கு, டாக்டரிடம் வாங்கிய அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப்போடச் சொல்லி நாலு வரி எழுத வரவில்லை. தேர்வில் 60 நிமிடத்தில் மூன்று எழுத வேண்டும்: நண்பருக்கு 80 சொல் மின்னஞ்சல், ஒரு கருத்து 80 சொல், மரியாதை நடையில் 40 சொல். முதல் இரண்டுக்கும் தலா 40 புள்ளி, கடைசிக்கு 20. முதலாவதில் கேட்ட மூன்று விஷயங்களில் ஒன்றை விட்டுவிட்டார். நண்பரை ‘டு’ (நீ) என்று தொடங்கி நடுவில் ‘ஸீ’க்கு (நீங்கள்) மாறிவிட்டார். கொங்கு நாட்டில் பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் ‘ங்க’ போட்டே பழகிய வாய். பேச்சில் அது கண்டுகொள்ளப்படவில்லை, எழுத்தில் பிழையாகிவிட்டது.

அடுத்த மூன்று மாதம் வாரத்துக்கு மூன்று கடிதம், கையால், கடிகாரம் வைத்து. எழுதும் முன் ஓரத்தில் கேட்கப்பட்ட விஷயங்களை ஒவ்வொரு சொல்லாகக் குறிப்பது, பக்கத் தலையில் ‘டு’ அல்லது ‘ஸீ’ என்று பெரிதாக எழுதி வட்டமிடுவது. பிழைகளை வகை பிரித்து எண்ணியதில் பாதிக்கு மேல் வினையின் இடமும் வேற்றுமை விகுதியும்தான். நவம்பரில் எழுதுதல் மட்டும் மறுபடி எழுதினார்: 71.

இதன் பின் மெஷின் கையேட்டின் பராமரிப்பு அத்தியாயத்தை அவரே தமிழில் எழுதி யூனிட்டில் ஒட்டினார். ‘ஷ்லொஸ்’ அதில் ‘கேம்’ என்றே இருக்கிறது.

மாற்ற வேண்டியவை

எழுத்துப் பயிற்சி ஏ1இன் இரண்டாவது மாதமே தொடங்கியிருக்க வேண்டும், வாரத்துக்கு ஐந்து வரி போதும். லெட்ஜரில் மொத்த நிமிடத்தை மட்டும் பார்த்தது ஆசிரியையின் பிழை. நான்கு திறனுக்கும் நான்கு நெடுவரிசை போட்டிருந்தால் 19 மணி நேரம் என்பது ஆறு மாதம் முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

ஏ1 முடிவதற்குள் ஏ2 தொடங்கும் தேதி உறுதியாகியிருக்க வேண்டும். ஆள் சேராவிட்டால் வாரம் ஒருமுறை தனிப்பாடமாவது வைத்து அந்த ஏழு வாரத்தை நிரப்ப வேண்டும். பெட்டிகளின் பட்டியல் இந்தச் சரிவை முன்பே சொல்லியிருந்தது, யாரும் தேதியை நாட்காட்டியில் குறிக்கவில்லை.

ஆப்பின் தொடர் நாள் எண்ணிக்கையை முதல் நாளே அணைத்திருக்கலாம். தடை விதித்தது தேவையே இல்லை. பழைய ஆசைகளை ஜெர்மனுக்குள் கொண்டுவருவது பலித்தது, ஆனால் அதற்கு ஓர் அளவு வேண்டும்: வாரத்தில் பாதி நேரம் அதற்கு, மீதி ரயில் அறிவிப்பு, வாடகை ஒப்பந்தம், மருத்துவமனை, அலுவலகக் கடிதம் போன்ற அன்றாடத்துக்கு. கேட்டலுக்கு ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே மெதுவாக வாசித்துத் தரும் தினச்செய்தி உண்டு; அது பி1க்கு மேற்பட்ட நிலைகளுக்கானது என்றாலும் காதைப் பழக்க உதவும். இவர் அதைத் தேர்வுக்கு ஆறு வாரம் முன்புதான் கேட்கத் தொடங்கினார், இன்னும் நாலு மாதம் முந்தியிருக்க வேண்டும்.

பி2 இன்னும் தொடங்கவில்லை. இப்போது நாளுக்கு 15 நிமிடம் வாசிப்பு மட்டும் லெட்ஜரில் ஓடுகிறது. புல்லாங்குழல் பெட்டியும் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது.